ஈரக்காட்டு மான் வேட்டைக்கு எந்த ரைபிள்: லீவரா, பம்ப்பா, போல்ட்டா?

பென்சில்வேனியாவின் வடக்கு மலைக்காடுகளில் மான் வேட்டைக்கு ரைபிள் வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் "மார்லின் 336, 30-30 தோட்டா, வேறென்ன வேண்டும்?" என்பதுதான். அது லீவர் வகை: விசையைச் சுற்றியுள்ள நெம்பைக் கீழே இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா ஏறும். அடுத்த பதில் ரெமிங்டன் 7600 பம்ப், அதில் முன்பிடியைப் பின்னும் முன்னும் இழுத்துத் தோட்டா ஏற்ற வேண்டும். மார்லினைச் சில சீசன்கள் தோளில் சுமந்தேன். பம்ப்பை நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். இப்போது காட்டுக்கு எடுத்துப் போவது டிக்கா டி3எக்ஸ் போல்ட் ஆக்‌ஷன். இதில் பக்கவாட்டுக் கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். 308 தோட்டா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழல், அதைத் தாங்கித் தோளில் பதியும் கட்டை பிளாஸ்டிக். அழகு என்று பார்த்தால் மூன்றில் கடைசி இடம் இதற்குத்தான்.

எந்த வேட்டையைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மரத்தில் பரண் கட்டி உட்காருவதோ, வயல் ஓரத்தில் காத்திருந்து முந்நூறு கஜத்தில் சுடுவதோ இல்லை. அலெகனி தேசியக் காடு போன்ற இடத்தில், ஹெம்லாக் மரங்களுக்கும் மௌண்டன் லாரல் புதர்களுக்கும் நடுவே அடிமேல் அடி வைத்து, நின்று, பார்த்து, மறுபடி இரண்டடி எடுத்து வைக்கும் வேட்டை. ஐம்பது கஜத்துக்கு மேல் கண் தெரிந்தால் அதுவே அபூர்வம். வெள்ளைவால் மான் முழுசாகக் கண்ணில் படாது. ஒரு காது, முதுகின் கிடைக்கோடு, வால் அசைவு, அவ்வளவுதான்.

அதனால் துல்லியம் பற்றிய பேச்சு இங்கே தேவையில்லை. மூன்று ரைபிளுமே அந்தத் தூரத்துக்குப் போதும். தோட்டாவும் அப்படியே. 30-30 வந்தது 1895-இல். 150 கிரெய்ன் எடைக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,400 அடி வேகத்தில் கிளம்பும். 308-இல் அதே எடைக் குண்டு 2,800 அடி. நூறு கஜத்துக்குள் இந்த வித்தியாசம் மானுக்குத் தெரியப் போவதில்லை. "கனமான, மெதுவான குண்டு புதரைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும்" என்று கடைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். நம்ப வேண்டாம். குச்சியில் பட்டால் எந்தக் குண்டும் திசை மாறும். இடைவெளி தெரியும்வரை காத்திருப்பதுதான் வழி.

ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைபிளை நான் ஒப்பிடவே இல்லை. பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு அதற்கு அனுமதி கிடையாது. இந்த மாநிலத்தில் பம்ப் ரைபிளுக்கு இவ்வளவு மவுசு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே வசிக்கும் நம்மவர்களுக்கு இடையில் ஒரு செய்தி. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. முதல்முறை உரிமம் எடுக்க வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். கடைக்குப் போகுமுன் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, மார்லின். 1948-இல் வந்த மாடல். மேல்புறம் மூடிய ரிசீவர் (தோட்டாவை ஏற்றி இறக்கும் பொறி இருக்கும் உலோகப் பெட்டி), சுட்ட தோட்டாக் கூடு பக்கவாட்டில் வெளியேறும். இன்னொரு லீவர் ரைபிளான வின்செஸ்டர் 94-இல் அது தலைக்கு மேலே பறக்கும், அதனால் பழைய 94-இல் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்துவது தொல்லை. மார்லினில் அந்தச் சிக்கல் இல்லை. இருபது அங்குலக் குழல், மொத்த நீளம் முப்பத்தெட்டரை அங்குலம், எடை ஏழு பவுண்டு. ரிசீவர் தட்டையாக இருப்பதால் எடை சமனாகும் இடத்தில் விரல்கள் அப்படியே வளைந்து பிடிக்கும். நாள் முழுக்க ஒரே கையில் தொங்கவிட்டு நடக்க இதைவிடச் சுகமான ரைபிள் எனக்குத் தெரியாது. டிக்கா இந்த விஷயத்தில் தோற்றுவிட்டது, மறுக்கவில்லை. இரண்டாவது குண்டு வேண்டுமென்றாலும் லீவர்தான் வேகம்.

பம்ப் அதைவிடவும் வேகம். ரெமிங்டன் 760 என்று 1952-இல் தொடங்கி, 1981-இல் 7600 ஆனது. வெர்மான்ட்டில் பனித்தடம் பிடித்து மானைத் துரத்திப் போகும் பெனுவா குடும்பத்தார் இதை வைத்துத்தான் பேர் வாங்கினார்கள். ஓடும் மானைச் சுட, தோளிலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றலாம். நான் தடம் பிடித்துத் துரத்துகிறவன் இல்லை, ஓடும் மானைச் சுடுவதும் இல்லை. அந்த வகை வேட்டைக்காரர்கள் பம்ப்பைப் புகழ்ந்தால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள். இரவல் ரைபிளை வைத்துக்கொண்டு நான் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். நியூயார்க் மாநிலத்தில் இருந்த ரெமிங்டனின் இலியன் தொழிற்சாலை 2024-இல் மூடப்பட்டுவிட்டது. பழைய பம்ப்பை வாங்குகிறவர் உபரி மேகசின் (தோட்டாக்களை அடுக்கும், கழற்றக்கூடிய பெட்டி) ஒன்றிரண்டையும் கையோடு வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

இதுவரை பார்த்தால் டிக்காவுக்கு எந்தப் புள்ளியும் விழவில்லை. என் முடிவை மாற்றியது தண்ணீர்.

நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் முடிந்து துப்பாக்கி சீசன் தொடங்கும்போது ஓக், பீச் மரங்களின் இலை முழுக்கத் தரையில் கிடக்கும். காய்ந்த நாளில் அதன்மேல் கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். நூறு கஜத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மான் காதைத் திருப்பும், அப்புறம் வாலைத் தூக்கும், நமக்கு எதுவும் தெரியாது. அந்த மாதிரி நாளில் நடந்து வேட்டையாடுவது வீண், எங்காவது உட்கார்ந்துவிடலாம். இந்த வேட்டைக்கு ஏற்ற நாள் இரவெல்லாம் மழை பெய்து இலை ஊறிய நாள், தூறல் விடாத நாள், ஈரப்பனி விழுகிற நாள். அதாவது நாம் காட்டுக்குள் இறங்கும் ஒவ்வொரு நல்ல நாளிலும் ரைபிள் நனையும். மழையில் நனைவது மட்டுமல்ல. ஹெம்லாக் கிளையில் தேங்கிய பனி, தோள் பட்டதும் மொத்தமாகச் சரிந்து ரிசீவர்மேல் விழும். லாரல் இலை ஒவ்வொன்றும் குழலைத் துடைத்துத் தன் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போகும். குழல் வாயில் கறுப்பு எலெக்ட்ரிக் டேப் ஒரு துண்டு ஒட்டினால் அந்த ஓட்டை தப்பிக்கும், சுடும்போது முன்னால் வரும் காற்றே அதைக் கிழித்துவிடும். மற்ற எதற்கும் டேப் ஒட்ட முடியாது.

ஆகவே கேள்வி எது நன்றாகச் சுடும் என்பதல்ல. தினமும் இருட்டியபின் களைத்து வீடு திரும்பி, மறுநாள் விடியுமுன் மறுபடி கிளம்பவேண்டிய ஆள் எந்த ரைபிளைக் கால் மணி நேரத்தில் உலர்த்தி முடிப்பார் என்பதுதான்.

மார்லினைக் கழற்றுவது கஷ்டமில்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். காலியா என்று பார்த்துவிட்டு லீவரைப் பாதி திறந்து, அதன் திருகைக் கழற்றினால் லீவர் கையோடு வரும். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் போல்ட் பின்பக்கம் உருவி வரும். உள்ளே இடது சுவரில் மெல்லிசாக எஜெக்டர் (சுட்ட கூட்டை வெளியே தள்ளும் தகடு) ஒன்று இருக்கும், அது தானாகவே நழுவும்; கீழே செய்தித்தாள் விரிக்காவிட்டால் மேசைக்கு அடியில் டார்ச் அடித்துத் தேட வேண்டும். இனி பின்பக்கமிருந்து குழலைச் சுத்தம் செய்யலாம். திரும்ப மாட்டும்போது எஜெக்டரின் முளை அதன் துளையில் உட்கார்ந்தால்தான் போல்ட் உள்ளே போகும். பழகினால் பத்து நிமிடம். திருகுக்குச் சரியாகப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் திருகின் தலைப்பள்ளம் சிதைந்து போகும்.

ஆனால் ஈரம் அங்கே மட்டும் நிற்பதில்லை. ஹேமர் (சுடும்போது பின்னாலிருந்து அடிக்கும் சுத்தி) அசைகிற திறந்த பள்ளம் வழியாக உள்ளே இறங்குகிறது. குழலுக்கு அடியில் தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் தோட்டாக் குழாய்க்குள் போகிறது. முன்கட்டையின் மரத்துக்கும் குழலுக்கும் இடையில் தங்குகிறது, அதுதான் மோசம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. அங்கே துருவின் மஞ்சள் தூள் சேர்வதைப் பார்க்க முன்கட்டையையே கழற்ற வேண்டும், அதை யாரும் தினமும் செய்வதில்லை. வால்நட் கட்டை நீரை உறிஞ்சி உப்பும். எண்ணெய் தேய்த்து வைத்தால் தாமதமாகும், நிற்காது. லேமினேட் கட்டையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கொண்ட மார்லின்கள் உண்டு. அவற்றை நான் வைத்திருந்ததில்லை. பாதிப் பிரச்சினை அவற்றில் தீரும் என்று நினைக்கிறேன், தோட்டாக் குழாயும் ஹேமர் பள்ளமும் அப்படியேதான் இருக்கும்.

பம்ப்பில் பின்பக்கமிருந்து குழலைத் துடைக்க வழியில்லை. போல்ட்டை உருவ வேண்டுமென்றால் முன்பிடியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். வாய்ப்பக்கமிருந்து கம்பியை விட்டுச் சுத்தம் செய்வார்கள், கம்பி உரசிக் குழல் வாய் தேயாமல் கவனமாக. நண்பர் தன் ரைபிளை வருஷத்துக்கு ஒருமுறை கடையில் கொடுத்துப் பிரிக்கிறார். அவருக்கு அது சரிப்படுகிறது.

டிக்காவில் போல்ட் பக்கத்தில் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தி இழுத்தால் போல்ட் வெளியே. மேகசின் தாழைத் தட்டினால் மேகசின் வெளியே. இப்போது ரைபிள் இருபக்கமும் திறந்த வெறும் குழாய். துணி ஒரு முறை, எண்ணெய்த் துணி ஒரு முறை, முடிந்தது. கட்டையை விலக்க அடியில் இரண்டே திருகு. சீசனில் ஓரிரு முறை போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் துருப்பிடிக்கும், மெதுவாக. ஸ்கோப் வளையத் திருகுகளும் வார்மாட்டும் வளையங்களும் சாதா இரும்பாக இருந்தால் முதலில் போவது அவைதான். எண்ணெயை லேசாகவே தடவுங்கள், குளிரில் தடிப்பேறி, தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னையே மந்தமாக்கிவிடும். இன்னொன்று: வெளியே உறைந்து போயிருக்கும் ரைபிளைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் உள்ளும் புறமும் வியர்க்கும். சீசன் நாட்களில் துடைத்துப் பூட்டி, சூடில்லாத கராஜிலேயே வைத்துவிடுவது நல்லது.

தோட்டாவை இறக்குவதும் இதே கணக்கில் வரும். தோட்டா ஏற்றிய ரைபிளோடு வண்டியில் ஏறுவது இங்கே சட்டவிரோதம். இருட்டில், சாலையோரத்தில், விரல் மரத்துப்போன நிலையில் மார்லினைக் காலி செய்ய ஒவ்வொரு தோட்டாவாக லீவரை இயக்கி வெளியே தள்ள வேண்டும், அவை பனியில் புதையும். அப்புறம் ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்க வேண்டும், கையுறையோடு. 1980-களுக்குப் பிந்தைய மார்லின்களில் குறுக்குப் பொத்தான் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) உண்டு, அதனால் ஆபத்து குறைவு. எனக்கு என்றைக்குமே அந்த வேலை பிடித்ததில்லை. டிக்காவில் மேகசினை எடுத்து, குழலின் பின்முனையில் ஏறியிருக்கும் ஒரு தோட்டாவைப் போல்ட்டால் இழுத்தால் தீர்ந்தது.

டிக்காவின் குறைகளும் உண்டு. சேஃப்டி போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும், ஆகவே காலி செய்யச் சேஃப்டியை விலக்கியாக வேண்டும்; குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் கவனம் வேண்டும். மேகசின் பிளாஸ்டிக், மூன்றே தோட்டா, உபரி மேகசினின் விலை எரிச்சலூட்டும். பிளாஸ்டிக் கட்டை குச்சியில் பட்டால் சத்தம் எழுப்பும். பழைய டி3-ஐவிட டி3எக்ஸ் பரவாயில்லை, பின்கட்டையின் வெற்றிடத்தில் ஃபோம் வைத்திருக்கிறார்கள். நானும் ஓரங்களில் துணி டேப் சுற்றியிருக்கிறேன், பளபளக்கும் குழலுக்கும் அதே வைத்தியம். மார்லினைவிட ஏறத்தாழ நான்கு அங்குலம் நீளம். லாரலுக்குள் குனிந்து நுழையும்போது அந்த நான்கு அங்குலம் தெரியத்தான் செய்கிறது. இதே வகையில் குட்டைக் குழல் வேண்டுமென்றால் ரூகர் அமெரிக்கன் காம்பாக்டைப் பாருங்கள், பதினெட்டு அங்குலம். கடையில் பிடித்துப் பார்த்ததோடு சரி, மழையில் எடுத்துப் போனதில்லை.

ஸ்கோப் எதுவானாலும் குறைந்த உருப்பெருக்கம். 1.5-இலிருந்து 5 வரை போகும் ஒன்றை வைத்து, எப்போதும் 1.5-இலேயே விட்டுவிடுங்கள். மழையில் கண்ணாடி நனைவது தொல்லைதான். மார்லினில் பொருத்தும் வட்டத்துளைப் பார்வைக்குறி இந்த விஷயத்தில் ஜெயிக்கிறது: துளையில் நீர் நின்றால் ஊதினால் போதும். ஆனால் சூரியன் மறைந்து அரை மணி வரை வேட்டை நேரம் உண்டு. ஹெம்லாக் நிழலில் அந்தக் கடைசி அரை மணியில் கண்ணாடி காட்டுவதைத் துளை காட்டாது.

விலையில் நிலைமை தலைகீழாகிவிட்டது. ஒருகாலத்தில் ஏழையின் ரைபிள் மார்லின். 2007-இல் ரெமிங்டன் கைக்குப் போனது, தொடக்கத்தில் வந்தவற்றின் தரம் பற்றிப் பலரும் குறைப்பட்டுக்கொண்டார்கள். 2020-இல் ரெமிங்டன் திவாலானபோது ரூகர் வாங்கியது, 2023-இலிருந்து புதிய 336 வருகிறது, வேலைப்பாடு அருமை. விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். ரெமிங்டன் கைக்குப் போகுமுன் வந்த, குழலில் ஜேஎம் முத்திரை குத்திய பழைய மார்லின்களைச் சேகரிப்பவர்கள் துரத்திப் பிடிக்கிறார்கள், அதனால் மறுவிற்பனையில் மார்லினுக்கு டிக்கா ஈடாகாது. டிக்காவை நனைந்து கீறல் விழும்வரை பயன்படுத்துவீர்கள், அப்புறம் யார் நல்ல விலை கொடுப்பார்?

ஏற்கெனவே வீட்டில் ஒரு 336 இருக்கிறதா? அதை விற்றுவிட்டு இதை வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தத் திருகுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வாங்குங்கள், சீசன் முடிந்ததும் முன்கட்டையைக் கழற்றிப் பாருங்கள். புதிதாக வாங்குகிறீர்கள், மழை நாளில்தான் நடப்பீர்கள் என்றால் போல்ட் ஆக்‌ஷன், ஸ்டெயின்லெஸ், பிளாஸ்டிக் கட்டை. எந்த நிறுவனம் என்பது உங்கள் தோளுக்கு எது பொருந்துகிறது என்பதைப் பொறுத்தது.