கல்லடி மேல்மாடி வகுப்பு: காலை எலிக்கு, பின்னேரம் பேச்சுக்கு

கல்லடியில் ஒரு டியூட்டரியின் மேல்மாடியில், போதைக்கு அடிமையாகும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்று சனிக்கிழமையில் ஒருநாள் வகுப்பு வைக்கிறார்கள். கட்டணம் 3,500 ரூபாய், பகல் பார்சலோடு. களுவாஞ்சிக்குடியில் பாமசி நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், காலை வகுப்பு மட்டுமே அந்தக் காசு பெறும்.

படிப்பித்த சேர் மருந்தியல் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். புரொஜெக்டர் வேலை செய்யவில்லை, அது நல்லதாய்ப் போயிற்று. பலகையில் ஒரு பெட்டி, ஒரு எலி, ஒரு லீவர், ஒரு குட்டி விளக்கு என்று கையாலேயே வரைந்தார். எலியின் கழுத்து நாளத்தில் மெல்லிய குழாய். லீவரை அமுக்கினால் விளக்கு எரியும், கொக்கெயின் கொஞ்சம் இரத்தத்தில் இறங்கும். எலி நன்றாகப் பழகியதும் விளக்கையும் மருந்தையும் நிறுத்திவிடுவார்கள். அமுக்கி அமுக்கிப் பார்த்து, எலி மெல்லக் கைவிடும். அப்புறம் அந்த விளக்கைக் காட்டினாலோ, சிறிதளவு கொக்கெயினை ஊசியில் ஏற்றினாலோ, பாதத்தில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தாலோ, திரும்பவும் லீவருக்கு ஓடுகிறது. அமுக்கினாலும் ஒன்றும் கிடைக்காது, ஆனாலும் அமுக்குகிறது. அந்த வீண் அமுக்கல்களை எண்ணித்தான், ஒரு மருந்து தேடலைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று சொல்கிறார்கள்.

1996இல் வந்த ஒரு ஆய்வுக்கே அரை மணித்தியாலம் போனது. டோபமைன் என்பது மூளை நரம்பணுக்கள் செய்தி கடத்தும் ஓர் இரசாயனம், அது போய் ஒட்டும் இடம்தான் வாங்கி. அந்த டோபமைன் வாங்கிகளில் டி2 வகையைத் தூண்டும் மருந்தைக் கொடுத்தால் எலி தேடத் தொடங்குகிறது. டி1 வகையைத் தூண்டினால், கொக்கெயினை ஏற்றினால்கூடத் தேடல் கிளம்பவில்லை. இரண்டும் டோபமைன் வாங்கிதான், வேலை மட்டும் நேரெதிர். டோபமைன் என்றாலே சந்தோசம் என்று வீடியோ போடுகிறவர்களை இந்த வகுப்பில் கொண்டுவந்து இருத்த வேண்டும்.

முன் வரிசையில் இருந்த தாதிப் பிள்ளை ஒன்று கேட்டது: “சேர், அந்த மருந்துக்கு எலி நித்திர கொண்டிருக்காதா?”

“அதத்தான் மகள் முதல்ல கேக்கணும்” என்றார். அதே மருந்தைக் கொடுத்த எலி, தீனிக்காக லீவரை அமுக்குகிறதா, வழக்கம்போல் ஓடித் திரிகிறதா என்றும் பார்க்க வேண்டுமாம். அதுவும் நின்றுபோனால் மருந்து ஆசையை அடக்கியது என்று சொல்ல முடியாது, எலியையே சுருட்டிப் போட்டிருக்கலாம். மருந்துக் கம்பனி ஆட்கள் கொண்டுவரும் பளபளப்பான தாள்களை இனி இந்தக் கேள்வியோடுதான் வாங்குவேன்.

தசை இறுக்கத்துக்கு என் கடையில் கொடுக்கிற பக்லோபனும் வந்தது. நரம்பணுக்களை அடக்கும் காபா என்ற இரசாயனத்தின் வாங்கிகளில் ஒன்றான காபா-பியை அது தூண்டும். எலிகள் கொக்கெயினுக்காக அமுக்குவதைக் குறைத்தது. கடுமையாக அடிமைப்பட்ட மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தபோது வெற்று மாத்திரையை விட மேலாக ஒன்றும் செய்யவில்லை. ரிமோனபன்ட் கதை இன்னும் மோசம். கஞ்சா போய் ஒட்டும் சிபி1 வாங்கியை அது அடைக்கும், எலிகளில் தேடலையும் குறைத்தது. 2006இல் எடை குறைக்கும் மருந்தாக ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்து, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வருகிறதென்று 2008இல் நிறுத்தப்பட்டது. கொக்கெயின் அடிமைத்தனத்துக்கென்று அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

குறைகளும் உண்டு. குறிப்புத் தாள்கள் வர்ண வரைபடங்களைக் கறுப்பு வெள்ளையில் போட்டோக்கொப்பி எடுத்தவை. டி1 கோடும் டி2 கோடும் ஒரே கறுப்பு, எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று பேனையால் எழுதி வைத்தால்தான் உண்டு. இரண்டு மின்விசிறியில் ஒன்று சத்தம் மட்டும் போட்டது. பார்சலில் மீன் குழம்பு நல்லம்.

பின்னேரம் வேறொருவர். மனவுறுதி, பெற்றோர் கண்காணிப்பு, இளைஞர் எதிர்காலம் என்று மேடைப் பேச்சாகவே போனது. இங்கே பிள்ளைகளைப் பிடித்து ஆட்டுவது ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமின் போதைப்பொருள். கொக்கெயினில் கண்டதை ஐஸுக்கு எவ்வளவு தூரம் பொருத்தலாம் என்று பின் வரிசையில் ஒரு தகப்பன் கேட்டார், அதற்கும் மனவுறுதிதான் பதில். அந்த நேரத்தில் சேர் கீழே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவரை மேலே கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை.

மருந்து, தாதியம், உயர்தர உயிரியல் பக்கம் உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். மதியத்தோடு எழும்பலாம் என்றால், சான்றிதழ் நாலரைக்குத்தான் கொடுக்கிறார்கள்.