அருவியா, மலையா, கண்மாயா: மதுரையிலிருந்து ஒரு நாளில் போய்வர

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் போதும், மதுரையில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்? ஒருவர் கும்பக்கரை என்பார், இன்னொருவர் சிறுமலை என்பார், பிள்ளைகள் கொடைக்கானல் என்று குதிப்பார்கள். நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். எந்த மலையில் மழை பெய்திருக்கிறது? வண்டியில் உட்காரும் நேரம் அதிகமா, காலால் நடக்கும் நேரம் அதிகமா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் ஊர் தானாக முடிவாகிவிடும்.

இந்தக் கணக்கில் கொடைக்கானல் முதலிலேயே அடிபட்டுப் போகிறது. மலை ஏற மூன்று மணி நேரம், இறங்க மூன்று மணி நேரம், சீசனில் நெரிசல் வேறு. 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸும் எடுக்க வேண்டும். வழியில் 180 அடி உயர வெள்ளி அருவி சாலையோரத்திலேயே விழுகிறது. இறங்கிப் படம் எடுத்துவிட்டு ஏறிக்கொள்ள வேண்டியதுதான். கொடைக்கானலுக்குக் குறைந்தது இரண்டு நாளாவது ஒதுக்க வேண்டும்.

குளிக்க வேண்டும் என்றால் போட்டி கும்பக்கரைக்கும் சுருளிக்கும்தான். கும்பக்கரை மதுரையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர், பெரியகுளத்தைத் தாண்டி மலை அடிவாரத்தில் இருக்கிறது. சுருளி கம்பம் பக்கம், 120 கிலோமீட்டர் வந்துவிடும். இரண்டுமே வனத்துறை கையில், இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. ஆனால் இரண்டும் வேறு வேறு அனுபவம். சுருளியில் மேலிருந்து விழும் தண்ணீருக்கு அடியில் நின்று தலையைக் கொடுக்கலாம். கும்பக்கரையில் பாறைமேல் வழிந்து ஓடும் தண்ணீரில் உட்கார்ந்தும் சாய்ந்தும் குளிக்கலாம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கும்பக்கரை. அருவி என்றால் உயரத்திலிருந்து கொட்ட வேண்டும் என்பவர்களுக்குச் சுருளி.

கும்பக்கரையைப் பற்றி ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே ஓடுவது கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கி வரும் பாம்பாறு. கீழே பெரியகுளத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மேலே வட்டக்கானல் பக்கம் ஒரு மணி நேரம் மழை கொட்டியிருக்கும். அந்தத் தண்ணீர் இறங்கி வரும்போது முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் லேசாகச் செம்மண் நிறத்துக்கு மாறுவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், சத்தம் கனப்பதும்தான் அடையாளம். இதில் ஒன்றைப் பார்த்தாலும் சோப்பு, துண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கரையேறிவிட வேண்டும். பாறையில் நீர் குடைந்த ஆழமான பள்ளங்களும் உண்டு. யானை கெஜம், பாம்பு கெஜம், உரல் கெஜம் என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகக் கூடாது என்று தடுத்திருப்பதைத் தாண்டிப் போய் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். நீர்வரத்து கூடினால் வனத்துறை குளிக்கத் தடை போடும். அந்த நாளில் வாசலில் நின்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

சுருளியில் வேறு விதமான காத்திருப்பு. அருவி இருப்பது மேகமலைக் காட்டில். 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். யானை நடமாட்டம் இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். யானைக்கு அது வீடு, நாம் அரை நாள் விருந்தாளி. திரும்பி வருவதில் குறை ஒன்றும் இல்லை. அமாவாசையன்று, அதிலும் ஆடி, தை அமாவாசையில், தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டம் தாங்காது. மற்ற நாளில் போங்கள். திரும்பும் வழியில் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை வாங்காமல் வராதீர்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது.

கார் இல்லாதவர்களுக்கும் கும்பக்கரைதான் சௌகரியம். அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்திய மதுரை - போடி ரயில் 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் திரும்ப ஓட ஆரம்பித்தது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் ரயில் நுழைகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே ஜன்னல் சீட்டைப் பிடிக்கலாம். தேனியில் இறங்கினால் பெரியகுளத்துக்குப் பஸ் இருக்கிறது. ரயில் வேண்டாம் என்றால் மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்திலிருந்தே பஸ் பிடிக்கலாம்.

பக்கத்திலேயே, 35 கிலோமீட்டரில், வாடிப்பட்டிக்கு அருகே குட்லாடம்பட்டி இருக்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல அருவிதான். ஆனால் 2018 கஜா புயலில் பாதையும் படிகளும் சேதமாகி நெடுநாள் மூடிக் கிடந்தது. திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மழை முடிந்து சில வாரங்களில் தண்ணீரும் வற்றிவிடும்.

நடக்க விரும்புகிறவர்கள் சிறுமலையையும் அழகர்மலையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிறுமலை திண்டுக்கல் வழியாக ஏற வேண்டிய மலை, 18 கொண்டை ஊசி வளைவு. கொடைக்கானல் கூட்டம் கிடையாது, காற்றில் பலா வாசம், ஓரமாகக் காப்பித் தோட்டம். வெள்ளிமலைக் கோயிலுக்கு ஏறுவது நல்ல மூச்சு வாங்கும் நடை. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். சிறுமலை வாழைப்பழத்தைச் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோல் கறுத்துச் சுருங்கும் வரை வைத்திருந்து உரித்தால்தான் அதன் உண்மையான ருசி. முடிக்கொத்து நோய் வந்து தோப்புத் தோப்பாக அழிந்துபோன வாழை, இன்னும் முழுசாக மீளவில்லை. 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையில் விற்கிறவரிடம் நேராக ஒரு சீப்பாவது வாங்குங்கள். வரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: பாலமேட்டுப் பக்கம் சாத்தையாறு அணைக்கு வரும் தண்ணீரும், குட்லாடம்பட்டியில் விழும் தண்ணீரும் இந்த மலையில் பெய்த மழைதான். அங்கே போடுகிற பிளாஸ்டிக் பை நம் வயலுக்குத்தான் வந்து சேரும்.

அழகர்மலை இருபது கிலோமீட்டர் சொச்சம். கோயிலிலிருந்து பழமுதிர்சோலை, அதற்கு மேல் ராக்காயி அம்மன் கோயிலும் நூபுர கங்கைச் சுனையும். வேனில் ஏறிவிடலாம்; நான் நடக்கத்தான் சொல்வேன். காலையில் ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்கினால் மரநிழலில் வியர்க்காமல் ஏறிவிடலாம். கையில் பை, தேங்காய் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், குரங்கு விடாது. நூபுர கங்கைக்குக் கோடையிலும் தண்ணீர் வரும், அழகருக்குத் தைலக்காப்பு நடப்பதும் இந்தத் தண்ணீரில்தான். இறங்கி வந்து கோயில் தோசை சாப்பிட்டுவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பலாம். வயசானவர்கள் கூட வந்தால் அழகர்மலை, இளவட்டங்கள் மட்டும் என்றால் சிறுமலை.

போடி பக்கம் குரங்கணி மலைக்குப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: ஒரே நாளில் போய்வர வேண்டாம், அனுமதி இல்லாமல் எந்த நாளிலும் வேண்டாம். 2018 மார்ச் மாதக் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த மலை அது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரிலிருந்து வனத்துறையே இணையத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு கூட்டிப்போகிறது. மாசி, பங்குனியில் தீ பயத்தால் பாதைகளை மூடுவார்கள், மூடியிருந்தால் மூடியதுதான்.

சரி, எனக்குப் பிடித்த ஊருக்கு வருகிறேன். மேலூர் அருகே அரிட்டாபட்டி, மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர். பெரிய அருவி கிடையாது, குளிர் கிடையாது. ஏழு மொட்டைப் பாறைக் குன்றுகள், அவற்றைச் சுற்றிச் சுனைகளும் கண்மாய்களும். மழை விட்ட மறுநாள் காலையில் போனால் பாறை முழுக்க மெல்லிசாகத் தண்ணீர் வழியும். அது போகிற தடத்தில் பச்சைப் பாசி கோடு இழுத்திருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தால் ஒரு சுனையில் போய் நிற்பீர்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே உண்டு. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றையும் பார்க்கக் கூடிய இடம் இது. அண்ணாந்து பார்க்கிற பொறுமை மட்டும் வேண்டும். தேவாங்கும் அழுங்கும் (எறும்புத்தின்னி) இருக்கின்றன, பகலில் கண்ணில் படாது.

அப்புறம் பாறையே ஒரு நூலகம். தமிழ் பிராமிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்த தீர்த்தங்கரர் சிற்பம், அதன்கீழ் வட்டெழுத்து, இன்னொரு பக்கம் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், அதில் சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் லகுலீசரின், தமிழ்நாட்டில் அரிதான சிற்பம். சமணர் சிற்பத்தில் பழைய வண்ணத்தின் மிச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையால் தொடாமல் பாருங்கள்.

2024 நவம்பரில் இந்த ஊரையும் சேர்த்து 2,015 ஹெக்டேருக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது. மேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் அத்தனையும் எழுந்து நின்றன. சட்டமன்றம் டிசம்பரில் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று ஜனங்கள் மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மக்கள் காப்பாற்றிக் கொடுத்த பாறைமேல்தான் நாம் நடக்கிறோம். குன்றின்மேல் பாட்டுப் போட்டு ஆடுவதும், பாட்டில் உடைப்பதும், பேர் கிறுக்குவதும் அவர்கள் முகத்தில் அடிப்பதற்குச் சமம்.

இதற்குப் போட்டி என்றால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் போகும் வழியில், 1977-லிருந்து சரணாலயம். அங்கே இருக்கும் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கார்த்திகையிலிருந்து மாசி வரை நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் கருவேல மரங்களில் அடைந்து கிடக்கும். ஆனால் கண்மாய் நிறைந்தால்தான் பறவை. அரிட்டாபட்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதனால் என் ஓட்டு அரிட்டாபட்டிக்கே. நத்தம் அருகே காசம்பட்டி வீரகோவில் காட்டையும் 2025-ல் இரண்டாவது பாரம்பரியத் தலமாக அறிவித்திருக்கிறார்கள். ஐந்து ஹெக்டேர்கூட வராத கோயில் காடு, அழகர்மலைக்குப் போகிறவர்கள் சேர்த்துப் பார்க்கலாம்.

வண்டி இருந்தால் அரிட்டாபட்டி, வேட்டங்குடி இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். விடியும்போது அரிட்டாபட்டி, வெயில் ஏறுவதற்குள் இறங்கி மேலூரில் சாப்பாடு, பறவை அடைகிற நேரத்துக்கு வேட்டங்குடி. கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று மேலூரிலேயே யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் அரிட்டாபட்டிக்கே திரும்பிப் போய் மிச்சக் குன்றுகளை ஏறுங்கள், ஒரு நாளில் ஏழும் முடியாது.