பனி அரங்கு: கரடியைப் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள், கடைசி அறைக்கும் போங்கள்

கத்திரி வெயிலில் மதுரைக்காரனுக்குப் பனி காட்டுகிறேன் என்று தட்டி வைத்தால் யார்தான் போகமாட்டார்கள்? ரிங் ரோடு பக்கம் காலி மைதானத்தில் போட்டிருக்கிற அந்தத் துருவப் பனி அரங்குக்குப் போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆளுக்கு 150 ரூபாய், குளிர் கோட்டுக்குத் தனியாக 30, அந்தக் கோட்டையும் முந்தைய ஆள் வேர்வையோடு கழற்றின கையோடு நம் தோளில் போட்டுவிடுகிறார்கள். வரிசையில் முக்கால் மணி நேரம், நிழல் கிடையாது, உள்ளே குளிரூட்டுகிற இயந்திரங்கள் துப்புகிற அனலும் ஜெனரேட்டர் புகையும் நேராக நம் முகத்தில்தான்.

உள்ளே தெர்மாகோல் மலை, இக்லூ என்ற ஒரு பனிக்கட்டி வீடு, சறுக்கு மரம். வெள்ளைக் கரடியும் பெங்குவினும் ஒரே பாறையில் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. பையன் கேட்டான், "மாமா, கரடி அதைத் தின்னாதா?" கரடி இருப்பது வடக்கே ஆர்க்டிக்கில், பெங்குவின் இருப்பது தெற்கே, ரெண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாதுடா என்றேன். அங்கே நின்ற ஊழியரிடம் சொன்னால், "அண்ணே, சேர்த்து வச்சாத்தான் போட்டோ நல்லா வரும்" என்கிறார். சரி, அதைக்கூட விட்டுவிடலாம். இவ்வளவு பெரிய அரங்கில் ஒரு மனிதப் பொம்மைகூட இல்லை, இக்லூவுக்குள் எட்டிப் பார்த்தால் துடைப்பம்தான் இருக்கிறது. ஆர்க்டிக்கில் சுமார் 40 லட்சம் பேர் வாழ்கிறார்கள் ஐயா.

இந்த எரிச்சலோடு வெளியே வரும்போதுதான் பாப்கார்ன் கடைக்கு எதிரே ஒரு சின்னத் தடுப்பறை கண்ணில் பட்டது. முக்கால்வாசிப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு கல்லூரி மாணவி, சுவரில் நாலைந்து வரைபடம், மைக் கிடையாது. காசு கொடுத்ததற்கு உருப்படியாகக் கிடைத்தது ஆர்க்டிக் மக்களைப் பற்றி அவர் பேசிய அந்த இருபது நிமிடம்தான்.

ரஷ்யாவின் வடக்கே யமால் என்ற இடத்தில் நெனெட்ஸ் மக்கள் ரெயின்டீர் மான்களை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள், நம்ம பக்கத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடை போட்டுப் போகிற மாதிரியே. பனிக்கு அடியில் இருக்கிற பாசியைக் குளம்பால் கிளறித் தின்பது அந்த மான்களின் வழக்கம். 2013 நவம்பரில் பனி விழவேண்டிய நேரத்தில் மழை பெய்து, அது அப்படியே கண்ணாடி மாதிரி உறைந்துபோக, கிளற முடியாமல் அந்தக் குளிர்காலத்தில் 61,000 மான்கள் பட்டினியில் செத்தன. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், ஆட்டுக்காரர் போலிருக்கிறது, "அப்ப அவன் என்ன பண்ணுவான்?" என்று ரெண்டு தடவை கேட்டார்.

அப்புறம் அலாஸ்காவில் நியூடாக் என்ற கிராமம். வருஷம் முழுக்க உறைந்தே கிடந்த மண் இளகி, ஆறு கரையை அரிக்க, 2019-லிருந்து குடும்பம் குடும்பமாக ஆற்றுக்கு அந்தப் பக்கம் புது ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.

எனக்கு உறைத்தது வேறு ஒன்று. ஆர்க்டிக்குக்குத் தெற்கே இருக்கிற நாடுகளில் தொழிற்சாலைகளிலும் டிரான்ஸ்பார்மர் எண்ணெயிலும் பயன்படுத்திய பி.சி.பி. என்ற நச்சு ரசாயனம் காற்றிலும் கடலிலும் வடக்கே போய், மீனிலிருந்து சீலுக்கும் திமிங்கலத்துக்கும் ஏறி, அவற்றின் கொழுப்பில் தங்கிவிடுகிறது. 1980-களின் கடைசியில் கனடாவின் வடக்கே, சீலும் திமிங்கலமும் தின்று வாழும் இனுயிட் பழங்குடித் தாய்மார்களின் பாலைச் சோதித்தால், தெற்குக் கனடாத் தாய்மார்களைவிட அந்த நச்சு பல மடங்கு அதிகம். அந்த ஊரில் ஒரு தொழிற்சாலைகூடக் கிடையாது.

நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கும் அந்த மாணவி பதில் வைத்திருந்தார். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-லிருந்து இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது, ஆர்க்டிக் மாற்றத்துக்கும் நம் பருவமழைக்கும் என்ன தொடர்பு என்பது நம்மவர்கள் அங்கே துருவுகிற கேள்விகளில் ஒன்று. அண்டார்டிகாவில் மைத்ரி, பாரதி என்று ரெண்டு நிலையங்கள் தனி.

குறை? வரைபடத்தில் ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை, பாப்கார்ன் இயந்திரச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. 5-க்கு 3 தருகிறேன், அதில் இரண்டரை அந்த அறைக்கு. அந்தப் பெண் சனி, ஞாயிறு மாலை 4 மணிக்கு மேல்தான் இருப்பாராம், கேட்டுவிட்டுச் சீட்டு எடுங்கள். கைக்குட்டை மறக்காதீர்கள், அந்தக் கோட்டுக்கு.