சொந்தமாக அழுத்திய ரைபிள் குண்டுகள்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ரைபிள் குண்டை வீட்டிலேயே அழுத்திச் செய்தால் செலவு மிச்சமாகும் என்று நினைத்து இந்த வேலையில் இறங்காதீர்கள். டை செட் (குண்டுக்கு வடிவம் தரும் அச்சுகள்), பிரஸ், செம்பு ஜாக்கெட் (குண்டின் வெளியுறை) என்று போட்ட காசுக்கு நல்ல ரகக் குண்டுகளைப் பல வருடம் வாங்கிச் சுட்டிருக்கலாம். அப்படியும் நான் இதை விடவில்லை. தொலைவில் போய்ப் படும் குண்டு எப்படி விரிய வேண்டும் என்பதை நானே தீர்மானிக்க முடிகிறது. அது ஒன்றுதான் காரணம்.

என்னுடையது .308 அங்குல விட்டக் குண்டுக்கான ஸ்வேஜிங் செட், அதாவது உலோகத்தை அச்சில் அழுத்தி உருவாக்கும் செட். ஈயத்தை உருக்கும் வேலை இல்லை. கம்பியாக வருவதை வெட்டி, சூடாக்காமல் அப்படியே அழுத்துகிறோம். எடை முதல் டையிலேயே முடிவாகிவிடும். கைப்பிடியை இறக்கும்போது பக்கத்துத் துளைகள் வழியாக மிகுதி ஈயம் மெல்லிய நூலாக நெளிந்து வெளியே வரும். மிஞ்சும் ஈயத் துண்டுதான் கோர், குண்டின் உள்பகுதி. கையை ஒரே சீராக இறக்கினால் கோர்களுக்குள் எடை வித்தியாசம் அரை கிரெய்னைத் தாண்டாது. ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம்தான்.

அடுத்தது கோரை ஜாக்கெட்டுக்குள் உட்கார வைப்பது. மொத்த வேலையின் உயிரே இங்கேதான். முதல் கட்டத்தில் வழுக்கலுக்காகத் தடவிய லானோலின் (கம்பளி மெழுகு) கோரில் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் ஈயம் ஜாக்கெட்டைப் பிடிக்காது, சுடும்போது உள்ளே வழுக்கும். அதனால் கரைப்பானில் கழுவிக் காயவைப்பதற்கே பாதிப் பொழுது போகிறது. இன்னொன்று, ஒவ்வொரு டையிலும் குண்டு கொஞ்சம் பருத்துக்கொண்டே போக வேண்டும். பெரிதாகச் செய்துவிட்டு அப்புறம் இறுக்கிச் சிறிதாக்கினால் செம்பு மீண்டு வரும், ஈயம் மீளாது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும்.

துல்லியம் பெரும்பாலும் ஜாக்கெட்டோடு வருவது. வாங்கிய ஒரு தொகுதியில் சுவர் ஒரு பக்கம் தடித்திருந்தது. என்ன செய்தும் குண்டுகள் இலக்கில் நெருக்கமாக விழவில்லை. உள்வரிகள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கியிருக்கும் குழலிலிருந்து நொடிக்கு 2,800 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் முறை சுழல்கிறது. எடை மையம் இம்மி விலகினாலும் அந்தச் சுழற்சி காட்டிக்கொடுத்துவிடும். (இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குண்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சுட்டுப்போட்ட .22 ரிம்ஃபயர் என்ற சிறு ரகத் தோட்டாக்களின் காலி உறைகளையே அமெரிக்காவில் ஜாக்கெட்டாக்கினார்கள். சிறு பிராணிகளுக்குச் சரி, பெரிய வேட்டைக்கு அந்த மெல்லிய பித்தளை தாங்காது.)

குண்டுக்குக் கூர் தரும் முனை டையில் எனக்கு ஒரே எரிச்சல், முடிந்த குண்டை வெளியே தள்ளும் ஊசி. முனைத் துளை அதன் பருமனுக்குத்தான் அமையும், அதற்கு மேல் கூராக்க முடியாது. ஊசியோ மெலிது, எண்ணெய் குறைந்து குண்டு இறுகினால் வளைந்துவிடும். மாற்று ஊசி இல்லாமல் உட்காராதீர்கள்.

சரி, வேட்டைக்கு வருவோம். காற்றைக் கிழிக்கும் வடிவம் என்று பலரும் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்டையே (குண்டு காற்றுத் தடையை எவ்வளவு வெல்லும் என்று காட்டும் எண்) பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் படும்போது உள்ள வேகம்தான் முக்கியம். நொடிக்கு 2,800 அடி வேகத்தில் கிளம்பும் நடுத்தர எடைக் குண்டு 500, 600 கஜத்தில் நொடிக்கு 1,800 அடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். பல வேட்டைக் குண்டுகள் அதற்குக் கீழே சரியாக விரியாது. ஊசிபோல் துளைத்துப் போய்விடும், விலங்கு காயத்தோடு ஓடும். அதனால் மெல்லிய ஜாக்கெட்டும் கலப்பில்லாத ஈயமும் வைத்துக்கொண்டேன். தொலைவில் நன்றாக விரிகிறது. அதே குண்டு நூறு கஜத்தில் எலும்பில் பட்டால் சிதறுகிறது. கோரை ஜாக்கெட்டோடு சூடாக்கிப் பிணைத்தால் சிதறல் குறைகிறது, ஆனால் வேலை கூடுகிறது. எதைச் செய்தாலும் நிஜமான தூரத்தில் தண்ணீர் நிரப்பிய கேன்களைச் சுட்டு, கிடைத்த குண்டை எடுத்துப் பார்க்காமல் நான் நம்புவதில்லை.

காற்றுக்கு இதில் மருந்தில்லை. மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று 600 கஜத்தில் குண்டை முக்கால் மீட்டர் தள்ளிவிடும். விலங்கின்மேல் 400 கஜத்துக்கு அப்பால் நான் சுடுவதில்லை.

ஈயத்துக்குத் தடை உள்ள இடங்களில் இந்த செட் பயன்படாது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. வீட்டில் முழுச் செம்புக் குண்டைப் பெரும்பாலும் கடைசலில்தான் செய்கிறார்கள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளும், குழலிலும் வேகமான முறுக்கு வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தையும் குழலின் முறுக்கையும் பார்த்துவிடுங்கள்.