பிரேக் விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள், பிரேக்கைத் தொடவே இல்லை

குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கார் ஓட்டுகிற எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப்பின் பெயரைப் போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும், அடுத்தவரிடம் இது நடக்காமல் தடுத்துவிடலாம்.

ஒரு சிவப்பு விளக்கில்தான் எல்லாம் ஆரம்பித்தது. டேஷ்போர்டில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட விளக்கு, ஹேண்ட் பிரேக் போட்டால் எரியுமே, அதுதான். ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும், வளைவில் திரும்பும்போது மட்டும் மினுக்கென்று வந்து போனது. அந்த வாரக் கடைசியில் அம்மா, மனைவி, மகளோடு மலைக்குப் போவதாக இருந்தோம். வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் ஊரில் இல்லை. அவசரத்தில் ஒரு புது ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டேன்.

அங்கே பார்த்தவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. "முன் பிரேக் பேடு தேஞ்சிருக்கு சார். பிரேக் ஆயிலையும் மொத்தமா மாத்திடணும். அப்படியே நாலு டயரையும் முன்ன பின்ன மாத்திப் போட்டுடறோம்." நோயைச் சரியாகச் சொன்ன ஆள், மருந்தையும் சரியாகக் கொடுப்பார் என்று நினைத்துவிட்டேன்.

சாயங்காலம் போனபோது கார் கழுவி, டயருக்கெல்லாம் பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. சிவப்பு விளக்கு எரியவில்லை. அவரே பானெட்டைத் தூக்கி பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டினார். வெளிர் பொன்னிறத்தில் புது ஆயில், மேக்ஸ் கோடு வரைக்கும். "பழைய பேடு எங்கேங்க?" என்று கேட்டேன். "மத்த ஸ்க்ராப்போட போயிடுச்சு சார், முன்னாடியே சொல்லியிருந்தா எடுத்து வெச்சிருப்போமே" என்றார். பில்லில் பேடு ஒரு செட், பிரேக் ஆயில் 250 மில்லி, பேடு மாற்றிய கூலி, ஆயில் மாற்றிய கூலி, டயர் மாற்றிய கூலி என்று தனித்தனியாக இருந்தது. கட்டிவிட்டு வந்தேன்.

மலை ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையே கிடையாது. மூன்றாம் நாள் இறங்கும்போதுதான். முன்னால் ஒரு பாரம் ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டு போனது. முந்த வழியில்லை. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினேன். மூன்றாவது கியரிலேயே இருந்தது என் தவறு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். முதலில் ஏதோ கருகுகிற வாசம். "என்னங்க, வெளியில ஏதாவது எரிக்கிறாங்களா?" என்று மனைவி கண்ணாடியை ஏற்றினாள். அடுத்த வளைவில் மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிக்கொண்டே போய்த் தரையைத் தொட்டுவிட்டது. கார் மட்டும் வேகம் குறையாமல் போய்க்கொண்டே இருந்தது.

காலை எடுத்து எடுத்து வேகமாக நாலைந்து முறை மிதித்ததில் கொஞ்சம் பிடி கிடைத்தது. இரண்டாவது கியர், அப்புறம் முதல் கியர். இன்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தேன். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுழன்றுவிடும் என்று கார் ஓட்டக் கற்றபோது சொல்லிக் கொடுத்தது எப்படியோ ஞாபகத்துக்கு வந்தது. "அப்பா, ஏம்ப்பா கார் இப்படிக் கத்துது?" என்று மகள் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மலைச்சுவர்ப் பக்கம் ஓரமாக இடம் அகலமான ஒரு இடத்தில் கார் நின்றது. இறங்கி நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தேன். அம்மா கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது! எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான்தான் பயத்தில் ஏதாவது தப்பு செய்தேனோ என்று. ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டேன். "புது பேடு சார், செட்டாகிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க" என்றார்கள்.

இந்தப் பதிலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் மாட்டிக்கொள்கிறோம். புது பேடு, சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கோடு பொருந்திப் படிய முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும், அதுவரை பிடிப்பு கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆனால் அப்போதும் பெடல் கெட்டியாகத்தான் நிற்கும். பெடல் தரைவரைக்கும் போனால் அது பேடு செட்டாகாத கோளாறு கிடையாது. ஆயிலில் காற்றோ நீராவியோ இருக்கிறது, அல்லது எங்கேயோ கசிகிறது, அல்லது பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கிற மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது.

முதல் கியரிலேயே ஊர்ந்து அடிவாரத்துக்கு வந்து, சாலையோரத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். விஷயத்தைச் சொன்னதும், "சக்கரத்தைக் கழட்டிப் பார்த்துட்டு அப்புறம் பேசுவோம் தம்பி" என்றார்.

முன் இடது சக்கரத்தைக் கழற்றி பேடை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். புது பேடில் உராயும் பகுதி மட்டும் பத்து மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். என் கையில் இருந்ததில் வெளிப்பக்கத்து பேடு இரண்டு மில்லிமீட்டர் இருந்திருக்கும். உள்பக்கத்து பேடில் இரும்புத் தகடு எட்டிப் பார்த்தது. காலிபர் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற பாகம்) நகர்வதற்கு இருக்கிற கம்பி மாதிரியான பின் துருப்பிடித்து இறுகிப்போயிருந்ததால் உள்பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. பேடு மாற்றியிருந்தால் அந்தப் பின்னைக் கையில் தொட்டிருப்பார்கள், துடைத்து கிரீஸ் வைத்திருப்பார்கள். தொடவே இல்லை.

அடுத்து அவர் காட்டியதை நான் மறக்கவே மாட்டேன். காலிபரின் பின்பக்கம், பழைய ஆயிலை வெளியே விடுவதற்கு ஒரு சின்ன நிப்பிள் இருக்கும், மேலே ரப்பர் மூடி. மூடியை எடுத்து டார்ச் அடித்தார். நிப்பிளின் ஆறு பட்டைகளிலும் துரு ஒரே சீராகப் படிந்திருந்தது. "ஸ்பேனர் ஒரு தடவை பட்டிருந்தாலும் துரு உதிர்ந்து இரும்பு மின்னும் தம்பி. இதை யாரும் தொட்டு வருஷக்கணக்காச்சு." பிறகு மருந்து தெளித்து ஊறவைத்து, மெல்லத் திருகி, கண்ணாடிக் குழாய் வழியாக ஆயிலை ஒரு பாட்டிலில் இறக்கினார். கரியைக் கரைத்த தண்ணீர் மாதிரி வந்தது. மேலே டப்பாவில் அதே பொன்னிறம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. டப்பாவில் இருந்த பழையதை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றியிருக்கிறார்கள். நான் பார்க்கப்போவது டப்பாவை மட்டும்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

சிவப்பு விளக்கு ஏன் அணைந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. பேடு தேயத் தேய, அதைத் தள்ளுகிற காலிபரின் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தை நிரப்ப டப்பாவில் இருந்து ஆயில் இறங்கும். டப்பாவில் இருக்கிற மினிமம் கோட்டுக்குக் கீழே போனால் விளக்கு எரியும். வளைவில் ஆயில் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் மினுக்கியதும் அதனால்தான். அதாவது அந்த விளக்கு என் பேடு தேய்ந்துவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தது. மேலே ஆயிலை ஊற்றியதும் அதன் வாயை அடைத்தாயிற்று. இதற்குச் சாட்சியும் கிடைத்தது. பெரியவர் புது பேடு போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளியபோது டப்பா நிரம்பி வழியப் பார்த்தது, சிரிஞ்சில் ஆயிலை எடுத்த பிறகுதான் மேலும் தள்ள முடிந்தது. ஏற்கெனவே புது பேடு போட்டு மேக்ஸ் வரை ஆயில் வைத்திருந்தால் இப்படி வழிய வாய்ப்பே இல்லை. (பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். உங்கள் காரில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.)

பெடல் ஏன் விழுந்தது, ஏன் ஆறியதும் சரியானது? பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அதே ஆயிலுக்கான தரம் 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, ஈரம் கலந்தால் 140. மலை இறக்கத்தில் தேய்ந்துபோன பேடு வழியாகச் சூடு நேராகக் காலிபருக்குப் போகிறது, ஆயில் கொதித்து நீராவிக் குமிழ் ஆகிறது. ஆயிலை அமுக்க முடியாது, குமிழை அமுக்கலாம். நாம் மிதிப்பதெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் குமிழ் மறைந்துவிடும், எந்த ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனாலும் "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். இதனால்தான் இந்த ஆயிலைப் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் காருக்கு எத்தனை வருடம், எந்த டாட் என்பது மேனுவலில் இருக்கும். டப்பா மூடியிலேயேகூடப் போட்டிருப்பார்கள்.

டயரையும் மாற்றிப் போடவில்லை. பின் இடது டயரின் பக்கச்சுவரில் நடைபாதைக் கல்லில் உரசிய பிறைவடிவக் கீறல் ஒன்று உண்டு. பாலிஷுக்கு அடியில் அந்தக் கீறல் அதே பின் இடதில் இருந்தது.

திரும்பி வந்ததும் பழைய பேடு, பாட்டிலில் பிடித்த ஆயில், வழியில் எடுத்த போட்டோ, பில் எல்லாவற்றையும் ஒர்க்‌ஷாப் மேஜையில் வைத்தேன். முதலில், வேறு யாரோ பழைய பேடை மாட்டியிருப்பார்கள் என்றார்கள். துருப்பிடித்த நிப்பிளின் போட்டோவைக் காட்டிய பிறகு, "புதுப் பையன் சார், தெரியாம விட்டுட்டான்" என்றார்கள். தெரியாமல் விட்ட பையன் டப்பாவில் மட்டும் எப்படி ஆயிலை மாற்றினான் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பணம் முழுவதையும் திருப்பித் தருகிறோம், இனி எந்தப் புகாரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். பின்சீட்டில் என் அம்மாவும் மகளும் இருந்தார்கள். அதற்கு ரசீது போட்டு முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இப்போது காரை விடுவதற்கு முன்பே, "பழைய பாகம் எல்லாம் எனக்கு வேணும்" என்று சொல்லி ஜாப் கார்டிலும் எழுத வைக்கிறேன். வேலை முடிந்த பிறகு கேட்டால் ஸ்க்ராப்பில் போய்விட்டது என்பார்கள். அலாய் வீல் என்றால் இடுக்கு வழியாகவே பேடின் கனம் தெரியும், விடும்போது ஒரு போட்டோ, எடுக்கும்போது ஒரு போட்டோ. நான்கு டயரிலும் இருக்கும் இடத்தைச் சின்னதாகச் சாக்பீஸில் உள்பக்கமாக எழுதிவிடுகிறேன். எல்லாம் பார்த்து முடிக்கும்வரை காரைக் கழுவ வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், கழுவினால் எந்த நட்டில் கை பட்டது, எதில் படவில்லை என்பது தெரியாமல் போய்விடும்.

பிரேக் ஆயில் மாற்றுகிறேன் என்றால் சீல் உடைக்காத டப்பாவை என் கண்முன்னால் திறக்கச் சொல்கிறேன். நான்கு சக்கரத்துக்கும் முழுதாக மாற்ற அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பிடிக்கும். என் பில்லில் இருந்த 250 மில்லியை அன்றைக்கே கவனித்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பேன். ஆயில் சுத்தமாக இருக்கிறதா என்று டப்பாவில் பார்க்காதீர்கள், சக்கரத்தில் நிப்பிள் வழியாக வருவதைப் பாருங்கள்.

காரை எடுக்கும்போது ஒரு நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை பெடலை மிதித்தால் கெட்டியாகும். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்ஜினைப் போடுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கி நின்றால், நாம் மிதிக்கிற விசையைக் கூட்டித் தருகிற பூஸ்டர் வேலை செய்கிறது. நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் காரை அங்கிருந்து நகர்த்த வேண்டாம். புது பேடு போட்டிருந்தால் முதல் மிதி தரைவரை போகும், அதனால் கியர் போடுவதற்கு முன்பே பெடல் கெட்டியாகும்வரை மிதித்துவிடுங்கள். இந்தச் சோதனை மட்டும் என்னைக் காப்பாற்றியிருக்காது, ஆறிய நிலையில் என் கார் இதில் தேறியிருக்கும். கழற்றிப் பார்த்தால்தான் தெரிந்திருக்கும்.

பட்டறைப் பெரியவர் கிளம்பும்போது ஒன்று சொன்னார். "எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க தம்பி." ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் எல் அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒர்க்‌ஷாப்பின் மேல் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். பழைய பேடு இரண்டும் கறுத்த ஆயில் பாட்டிலும் என் அலமாரியில்தான் இருக்கின்றன. விசாரணைக்குக் கூப்பிட்டதும் கொண்டுபோகிறேன், முடிவு என்னவென்று இதே பதிவின் கீழே எழுதுகிறேன்.