ஆட்டுப் பட்டிக்கு எந்த நாய்: ராஜபாளையமா, கோம்பையா, நாட்டு நாயா?

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் ஆடு வைத்திருப்பவர்களுக்கு இன்றைக்குப் பெரிய பயம் கூட்டமாக வரும் தெருநாய்கள்தான். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) ஆள் இல்லாமல் மேயும் செம்மறிகளுக்குப் பகலிலும் பாதுகாப்பில்லை. பசிக்குத் தின்கிற கடி இது கிடையாது. ஓடுகிற ஆட்டின் பின்தொடையைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்த ஆட்டுக்குத் தாவும். அதனால்தான் ஒரே வேளையில் பல ஆடுகள் போய்விடுகின்றன. இதற்குக் காவல் நாய் தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது எந்த இனம் என்றுதான். எங்கள் பட்டியில் இருப்பது நாட்டு நாய். இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

சிப்பிப்பாறை, கன்னி இரண்டையும் முதலிலேயே ஒதுக்கிவிடலாம். முயல் வேட்டைக்கென்று வளர்த்த இனங்கள், ஆட்டுக்குட்டி துள்ளி ஓடினாலும் துரத்தத் தோன்றும். இமயமலைப் பக்கத்து அடர்ந்த மயிர் நாய்கள் காவலுக்குப் பெயர் போனவை. ஆனால் நம் சித்திரை வெயிலில் அவை பகல் முழுக்க நிழலைத் தேடியே கிடக்கும்.

ராஜபாளையம் கம்பீரமான நாய். சிப்பிப்பாறையைப் போலவே அரசுப் பதிவு பெற்ற இனம். ஆனால் பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள குட்டிகளில் பிறவிச் செவிடு அடிக்கடி வருகிறது. குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னாலிருந்து கை தட்டிப் பார்ப்பார்கள். இரண்டு காதும் கேட்காத குட்டி அதில் தெரிந்துவிடும், ஒரு காது மட்டும் கேட்காதது தப்பிவிடும். அப்படிப்பட்ட நாய்க்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. இருட்டில் பட்டி காக்க அது உதவாது. வெள்ளைத் தோலுக்கு வெயிலும் சொறியும் சேர்ந்த தொல்லை வேறு.

கோம்பை இதைவிடப் பலமானது. தேனி மாவட்டத்துக் கோம்பையின் இந்தச் செவலை நாய்க்குத் துணிச்சலும் தாடை வலுவும் உண்டு. சுற்றுச்சுவர் வைத்த தோட்டத்து வீட்டுக்கு அதைவிட நல்ல காவல் கிடைக்காது. சிக்கல் பட்டியில்தான். ஆட்டு வியாபாரி, ஊசி போட வரும் டாக்டர், கூலிக்கு வருகிறவர்கள் என்று புதுமுகங்கள் வந்தபடியே இருக்கும். கடித்துவிடும் என்று பகலில் கட்டிப் போடுவார்கள். கட்டிக் கிடக்கும் நாயால் கொறங்காட்டில் மேயும் மந்தையைக் காக்க முடியாது. கோம்பையும் நாட்டு நாயும் கலந்த குட்டிகளைச் சிலர் புகழ்கிறார்கள். அவற்றோடு எங்களுக்குப் பழக்கம் குறைவு, அதனால் சிபாரிசு செய்யமாட்டேன்.

என்னைக் கேட்டால் இனத்தைவிட, குட்டி எங்கே வளர்ந்தது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் நவஹோ பழங்குடியினர் சாதாரணக் கலப்பின நாய்களைக் குட்டியிலிருந்தே ஆடுகளோடு விட்டு வளர்த்து, ஓநாய் வகையைச் சேர்ந்த கயோட்டிகளிடமிருந்து மந்தையைக் காக்கிறார்கள். நம்மூர் நாட்டு நாயும் அப்படி வளர்ந்தால் போதும். ஏற்கெனவே பட்டியில் கிடக்கும் தாயின் குட்டி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஏழெட்டு வாரத்தில் குட்டியைப் பட்டிக்குள் விட வேண்டும். பதினாறு வாரம் வரை அது யாரோடு பழகுகிறதோ அதையே தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும். பட்டியின் ஒரு மூலையில் ஆறடிக்கு ஆறடி கம்பிவலைத் தடுப்பு கட்டி, அடியில் நாய்க்குட்டி மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு சந்து விடுங்கள். ஆடு முட்ட வந்தால் உள்ளே ஓடிவிடும். உடன் விடுவதற்குப் பால் மறந்த ஆட்டுக்குட்டிகளும் சாதுவான ஆடுகளும் ஏற்றவை. புதிதாக ஈன்ற தாயாடு முட்டித் தள்ளிவிடும், அதோடு விடக் கூடாது. சோறு வைப்பதும் பட்டியில்தான். வீட்டு வாசலில் தட்டு வைத்தால் நாய் வாசலுக்குத்தான் காவல் இருக்கும். பிள்ளைகள் நாள் முழுக்கத் தூக்கிக் கொஞ்சினாலும் இதே கதைதான். நாம் கூப்பிட்டால் வரவும், தொட்டால் நிற்கவும் பழகினால் போதும்.

ஐந்தாம் மாதத்திலிருந்து ஒரு வயது வரைதான் சோதனைக் காலம். விளையாட்டாக ஆட்டின் காதைக் கடிக்கும், ரோமத்தைப் பிடித்து இழுக்கும், துரத்தும். இந்த நேரத்தில்தான் பலர் நாய் கெட்டுவிட்டது என்று விரட்டிவிடுகிறார்கள். கண்ட உடனே அதட்டுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் ஆட்டுக்குட்டிகளிடமிருந்து பிரித்து, முரட்டுக் கிடாக்களோடு விடுங்கள், விளையாட வந்தால் கிடாவே பாடம் சொல்லும். அப்படியும் துரத்தினால் கழுத்துப் பட்டையில் முன்னங்கால் முட்டியில் தட்டுமாறு ஒரு கட்டையைத் தொங்கவிடலாம். நடக்க முடியும், பாய்ந்து ஓட முடியாது. முழுப் பொறுப்பு வர ஒன்றரை முதல் இரண்டு வயது ஆகும். அதுவரை தனியாக மேய்ச்சலுக்கு விடவே வேண்டாம்.

ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டைச் சேர்த்து வாங்காதீர்கள். அவை ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றோடொன்று பழகும், சேர்ந்துகொண்டு ஆட்டையும் துரத்தும். முதல் நாய் தேறிய பிறகு இரண்டாவதைக் கொண்டுவந்தால் பாதி வேலையை மூத்ததே கற்றுக்கொடுத்துவிடும். இரண்டு கட்டாயம் வேண்டும். ஐந்தாறு நாய்கள் சேர்ந்து வந்தால் ஒற்றை நாயால் குரைத்து எழுப்பத்தான் முடியும்.

பெட்டையானால் கருத்தடை செய்தே தீர வேண்டும். பருவத்துக்கு வந்த பெட்டை ஊர்க் கடுவன்களை எல்லாம் நம் பட்டிக்கே கூட்டி வந்துவிடும். கடுவனுக்கும் காயடித்துவிட்டால் மார்கழியில் காவலை விட்டு ஊர் சுற்றுவது குறையும்.

செலவில் நாட்டு நாய்தான் லேசு. கம்பஞ்சோறு அல்லது ராகிக் களியோடு முட்டை, வேகவைத்த கோழிக் கழிவு கொடுத்தால் உடம்பு நிற்கும். ஆனால் மருந்துச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. வெறிநாய்த் தடுப்பூசி வருடந்தோறும் வேண்டும். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டல் கலந்த மாத்திரையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எடைக்குத் தகுந்த அளவில் கொடுங்கள். செத்த ஆட்டின் தலையையும் குடலையும் நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும். ஆட்டு மூளையில் இருக்கும் நீர்க்கட்டியைத் தின்றால் நாயின் குடலில் நாடாப்புழு வளரும், அதன் முட்டை நாயின் மலத்தோடு மேய்ச்சல் புல்லில் விழும். அந்தப் புல்லைத் தின்ற ஆடு பிறகு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழும்.

சிறுத்தை நடமாடும் மலையடிவாரத்தில் மட்டும் எந்த இனத்து நாயையும் இரவில் வெளியே விடாதீர்கள். சிறுத்தைக்கு நாயும் இரைதான். அங்கே மேலேயும் கம்பிவலை அடித்து மூடிய கொட்டில் வேண்டும், நாயும் ஆடுகளோடு அதற்குள்ளேயே படுக்கட்டும்.