கூடை இருக்கையா, சுழல் இருக்கையா?

பிரிட்டனில் பிள்ளைக்குத் தள்ளுவண்டி வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் காட்டுவது தொகுப்பைத்தான்: சட்டகம், படுக்கைத் தொட்டில், கைப்பிடி வைத்த கூடை போன்ற கார் இருக்கை. இன்னொரு வழி, காரிலேயே நிலையாக இருக்கும் சுழல் இருக்கையும் தனித் தள்ளுவண்டியும்.

தொகுப்பின் அழகு ஒரு 'டக்' ஒலியில் இருக்கிறது. தூங்கும் குழந்தையை எழுப்பாமல் இருக்கையோடு கழற்றிச் சட்டகத்தில் மாட்டிவிடலாம். மழையில் நனைந்துகொண்டே வார் பூட்டும் வேலை இல்லை. அந்த வசதியில்தான் வம்பும். தலை முன்னே கவிழ்ந்தால் பச்சிளங்குழந்தைக்கு மூச்சு தடைபடலாம். தொடர்ந்து 2 மணி நேரத்துக்கு மேல் கூடை இருக்கையில் வைக்கக் கூடாது. முதல் சில வாரங்களில் 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கடைத்தெரு சுற்றத் தொட்டிலை மாட்டுங்கள். எடையும் இருக்கிறது: வெறும் இருக்கையே ஏறக்குறைய 4 கிலோ. பிள்ளையோடு முழங்கையில் தொங்கவிட்டு மாடி ஏறிப் பாருங்கள், தெரியும்.

சுழல் இருக்கை கதவுப் பக்கம் திரும்பும். பிரசவத்துக்குப் பின் இடுப்பு வலியோடு இருக்கும் தாய்க்கு அது பெரிய உதவி. பெரும்பாலானவை 105 செ.மீ. உயரம், அதாவது சுமார் 4 வயது வரை உழைக்கும். கூடை இருக்கை ஒன்றேகால் வயதுவாக்கில் சிறிதாகிவிடும். குழந்தைகளின் கார் இருக்கைகளுக்கான ஐ-சைஸ் பாதுகாப்பு விதிப்படி 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கியே இருக்க வேண்டும். இரண்டிலும் அது முடியும்.

நாள்தோறும் காரில் ஏறி இறங்குபவர்களுக்குத் தொகுப்பு. வாரம் ஒருமுறைதான் கார் என்றால், நான் சுழல் இருக்கைக்கே பணம் கொடுப்பேன். டாக்ஸிதான் கதி என்றால் பேச்சே வேறு: பல கூடை இருக்கைகளைக் காரின் பெல்ட்டாலேயே கட்டிவிடலாம், சுழல் இருக்கையை யார் சுமப்பது? எதுவானாலும், பணம் கட்டுமுன் சட்டகத்தை மடித்து உங்கள் கார் டிக்கியில் வைத்துப் பாருங்கள்.